எட்டுப் பாத்திச் செம்மண்

சென்ற மாதம் உங்கள் இளம் பொறியாளர் பயிற்சி வகுப்பில் என்னைப் பேச அழைத்திருந்தீர்கள். முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லாம் சிரிக்க வைக்கிற கதைகள். ஜீப் சேற்றில் மாட்டிய கதை, அமைச்சர் வருகிறார் என்று ஒரே நாளில் மைல் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்துவிட்டு எண் எழுத மறந்த கதை, இப்படி. முடிக்கிற நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டார்: "சார், உங்க காலத்துல சைட்டு மண்ணு மழையில கரைஞ்சு ஓடைக்குப் போகாம இருக்க என்ன பண்ணுவீங்க?"

"ஒன்னும் பண்ண மாட்டோம்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அந்தப் பதில் முக்கால்வாசி உண்மை. மிச்சம் கால்வாசியை விழுங்கிவிட்டு வந்தது பஸ்ஸிலேயே உறுத்த ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்தும் விடவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை எனக்கு. அதனால் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். இதில் சிரிக்க அதிகம் கிடையாது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் மரக்காணத்தில் நெடுஞ்சாலை இலாகா செக்‌ஷன் ஆபீசர். இருபத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. கோபம் மூக்கு நுனியில். உப்பளத்துக்கு வடக்கே ஓர் ஓடை இருந்தது. கடல் பொங்கும்போது தண்ணீர் உள்ளே ஏறும், பிறகு இறங்கும். அதன் குறுக்கே ஒரு சின்னப் பாலம், இரண்டு பக்கமும் மண் மேடு போட்டு சாலை. அதுதான் என் வேலை. மழைக்காலத்தில் அக்கரைக் குப்பத்தில் ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மூன்று மைல் சுற்றி வருவார்கள். அதனால் அந்தச் சாலையைப் பற்றி எனக்குப் பெருமைதான். இன்றைக்கும் அந்தப் பெருமையில் குறைவில்லை.

மண் தெற்கே ஆரோவில் பக்கத்து மேட்டிலிருந்து லாரியில் வந்தது. செங்கல்லைப் பொடி செய்தது போன்ற செம்மண். புரட்டாசிக்குள் உப்பளப் பக்கத்து மேட்டை ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பிவிட்டோம். இங்கே நம் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அதிகாரி ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம். அவர் சொல்வார்: "மண்ணக் கொட்டிட்டு விட்டுடுய்யா. ஒரு மழை குடிக்கட்டும். ரோலர் பண்ணாத வேலைய மழை பண்ணும்." இலாகா முழுக்க அப்படித்தான் செய்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டை நனைய விட்டுவிட்டு, தையில் வந்து பார்த்தால் ஒரு முழம் இறங்கி இறுகியிருக்கும். மேலே ஜல்லி போட வேண்டியதுதான். இறங்கிய அந்த ஒரு முழத்தில் பாதி படிந்தது, மீதி பாதி எங்கே போனது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை.

புரட்டாசி கடைசியில் ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு மழை. இரண்டு மணி நேரம்தான். மறுநாள் காலை நான் சைட்டுக்குப் போனபோது பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாலத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் உப்பளத்துக் கூலிக்காரர்கள். மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். தை வரைக்கும் அவர்களுக்கு அந்த ஓடைதான் சோறு. மார்பளவு தண்ணீரில் இறங்கி, பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது, படகு கிடையாது.

முன்னால் நின்றவள் பூங்காவனம். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவளாக இருக்கலாம். ஓடை கரை முதல் கரை வரை சிவந்து கிடந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு, இது ஒரு விஷயமா என்கிற குரலில் சொன்னேன்: "ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும்மா. எதுக்குக் கூட்டம் போடறீங்க?"

"தண்ணி தெளியும் சார். நாங்க இன்னா கண்ணாலயா பிடிக்கிறோம்?" என்றாள். "கையால பிடிக்கிறோம். எறங்கி அடியில கைய வெச்சுப் பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. கூட நின்ற மேஸ்திரி சிரிப்பை அடக்கியதில் அதைவிடக் கோபம். பேன்ட்டை மடித்துவிட்டு வீம்புக்கு இறங்கினேன். கரையோரம் குனிந்து கையை விட்டேன். மேலே வழவழவென்று, கரைந்த சோப்பு மாதிரி ஒரு படிவு. விரலால் கிழித்துக்கொண்டு உள்ளே போனால் ஓடையின் பழைய கருஞ்சேறு. அது மெத்தென்று, வெதுவெதுப்பாக, விரலுக்கு இடம் விட்டது.

"அந்தக் கருப்புச் சேத்துலதான் சார் எறா குந்தும்" என்றாள் அவள். "ஐப்பசி மழையில மொகத்துவாரம் ஒடைச்சுக்கும். கடல்லேர்ந்து குஞ்சு எறா உள்ள வரும். வந்து குந்த எடம் இல்லன்னா திரும்பிப் பூடும். அப்புறம் வருசம் பூரா ஒன்னும் இருக்காது. இது ரெண்டு மணி நேர மழைக்கு. அடமழைக்கு உங்க மேடு மொத்தமும் இங்கதான் வரும்."

ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அடைமழைக்கு இரண்டு மூன்று வாரம் இருந்தது. உங்களுக்கு இப்போது விதி இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, வண்டல் தடுப்புத் துணி சுருட்டிச் சுருட்டி வருகிறது. எனக்கு எஸ்டிமேட்டில் புல் பதிக்க ஒரு வரி இருந்தது, அதுவும் வேலை முடிந்த பிறகு. பதித்தாலும் அதற்குள் வேர் பிடிக்காது. கல் அடுக்கக் கல் இல்லை. நான்கு நாள் மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஐந்தாம் நாள் பூங்காவனத்தின் புருஷன் ஏழுமலை வந்தான். மெலிந்த, அதிகம் பேசாத ஆள். நான் சுற்றுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், உப்புத் தண்ணிய நாங்க எப்படி தெளிய வெக்கிறோம்னு பார்த்திருக்கீங்களா?" என்றான்.

"சொல்லு."

"மொதல் பாத்தியில நிறுத்துவோம். மண்ணு அடங்கும். மேல் தண்ணிய மட்டும் மடை தொறந்து அடுத்ததுல விடுவோம். அங்க கொஞ்சம் அடங்கும். மடைய நேருக்கு நேரா வெக்க மாட்டோம். இந்த மூலையில உள்ள வந்தா அந்த மூலையில வெளிய போவணும். தண்ணி மெதுவா நடக்கும். ஓடினா மண்ண தூக்கிட்டுப் பூடும்."

எங்கள் மேட்டுக்கும் ஓடைக்கும் நடுவில் வரிசையாக எட்டு உப்புப் பாத்திகள் இருந்தன. மேட்டின் அடியோடு ஒரு வாய்க்கால் வெட்டி, மழைத் தண்ணீர் முழுவதையும் முதல் பாத்தியில் விட்டால் எட்டாவதைத் தாண்டித்தான் ஓடைக்குப் போக முடியும். பொறியியல் படித்த எனக்குத் தோன்றாதது அது. சந்தோஷத்தில் அவன் தோளைத் தட்டினேன்.

"அந்த எட்டும் யாரோட பாத்திப்பா?"

"எங்களுதுதான். உப்பளத்துக் குத்தகைக்காரரு குடும்பத்துக்கு இவ்ளோன்னு பிரிச்சு எனக்கும் அதுக்கும் விட்டது" என்றான், கொஞ்சம் தள்ளி நின்ற மனைவியைக் காட்டி.

அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். பாத்தித் தரையில் செம்மண் படிந்தால் அதில் உப்பு வெள்ளையாக விளையாது. வழித்தெடுத்துவிட்டு, தரையைக் காலால் மிதித்து மிதித்து மறுபடி இறுக்க வேண்டும். மாசியில் குத்தகைக்காரர் வந்து பார்ப்பார். பாத்தி தயாராக இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கு அதற்குமேல் பாத்தி கிடையாது.

பூங்காவனம் கேட்டாள்: "சேத்த யாரு சார் வழிக்கறது? நாங்க ரெண்டு பேரா வழிச்சா பங்குனி ஆயிடும்."

"தை பொறந்ததும் ஆள் கூட்டிக்கிட்டு நானே வர்றேன்" என்றேன். "இலாகா கூலி. என் பொறுப்பு."

அவள் ஏழுமலையைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். ஊர் முழுவதும் பிழைக்கிற ஓடைக்காகத் தங்கள் வருஷத்தை என் வாய்ச்சொல்லில் வைத்தார்கள். ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

வாய்க்காலை வெட்டி முடித்தோம். ஐப்பசியில் ஒரு நாள் மதியம் கடல் பக்கம் வானம் கறுத்து, காற்று நின்றுபோனது. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போய் மேலதிகாரிக்கு டிரங்க் கால் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாய்யா உளர்றே? உப்பளம் வேற இலாகா நிலம். வரப்புல ஒரு மண்வெட்டி பட்டா பதில் சொல்றது யாரு? மேடு ஒரு மழை குடிக்கட்டும், உடு" என்றார்.

"சார், லைன் சரியாக் கேக்கல" என்றேன். நன்றாகவே கேட்டது. போனை வைத்துவிட்டேன். என் முப்பது வருட வேலையில் மேலதிகாரியிடம் நான் சொன்ன பொய்களில் வருத்தப்படாத பொய் அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போதே தூறல் விழுந்தது. நானே முதல் வரப்பில் மண்வெட்டியை ஓங்கினேன். ஏழுமலை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் சார். பாத்தி வரப்ப அந்தப் பாத்தி ஆளு தவிர வேற யாரும் வெட்டக்கூடாது. அது இங்க பழக்கம்." அவனே வெட்டினான். ஒவ்வொன்றாக எட்டு மடையும் அவன் கையாலேயே திறந்தான். நாளைக்குக் குத்தகைக்காரர் கேட்டால் 'இன்ஜினீயர் வெட்டிட்டாரு' என்று சொல்லித் தப்பிக்கிற வழியையும் அதோடு சேர்த்து வெட்டிக்கொண்டான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்று நாள் மழை. இரண்டாம் நாள் நான்காவது பாத்தியின் வரப்பு ததும்பி உடையப் பார்த்தது. அது உடைந்தால் செஞ்சேறு முழுவதும் நேராக ஓடைக்குப் போயிருக்கும். இறால் பிடிக்கிற பெண்கள் அத்தனை பேரும் பனமட்டையும் கோணியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் அவர்கள் நடுவில் முழங்கால் சேற்றில் நின்று, கத்தி, திட்டி, திட்டு வாங்கி, கோணியில் மண் அள்ளிப் போட்டேன். வரப்பு நின்றது. மழை விட்ட காலையில் ஏழுமலையும் நானும் வரப்பு மேல் நடந்துபோய்ப் பார்த்தோம். முதல் மூன்று பாத்தி செங்கல் நிறம். ஆறாவதில் டீ நிறம். எட்டாவதில் வெறும் மழைத்தண்ணீர், அடியில் நண்டு நடந்த தடம் தெரிந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் காலை நான் பாலத்து மேல் நின்றிருந்தேன். கீழே பெண்கள் வரிசையாகத் தண்ணீரில். பறி பல்லில் இருப்பதால் யாரும் பேச முடியாது. தண்ணீர் அளைகிற சத்தம் மட்டும். பூங்காவனம் என்னைப் பார்த்துவிட்டாள். பேச வழியில்லாமல், சேற்றிலிருந்து கையை எடுத்து உயர்த்திக் காட்டினாள். விரலிடுக்கில் ஓர் இறால் துள்ளியது. வாயில் பறியோடு அவள் சிரித்த சிரிப்பு கண்ணில்தான் தெரிந்தது. எனக்குப் பிறகு எத்தனையோ பாலம், எத்தனையோ பாராட்டுக் கடிதம். அவை எதுவும் வேண்டாம், அந்தக் காலை ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்று இந்த வயதில் அடிக்கடி தோன்றுகிறது.

மார்கழி முதல் வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. குத்தகைக்காரர் என் மேல் புகார் எழுதிப்போட்டிருந்தார். தர்மபுரிப் பக்கம், உடனே போய்ச் சேர வேண்டும். பொறுப்பு ஒப்படைக்கும் குறிப்பில் 'எட்டுப் பாத்தி செம்மண் வழித்துத் தர வேண்டும்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். எனக்குப் பின்னால் வந்தவர் படித்துவிட்டு, "இது எஸ்டிமேட்ல எங்க சார் இருக்குது?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பஸ் ஏறும் முன் ஏழுமலையைப் பார்த்து, "எங்க போனாலும் தையில வந்துடறேன்" என்றேன். "உங்களத் தெரியாதா சார்" என்றான்.

தையில் லீவு கிடைக்கவில்லை என்று வெகு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். கிடைத்தது. பொங்கலை ஒட்டி நான்கு நாள். வீட்டில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள், அதில் ஒரு நாள் போயிற்று. மற்ற மூன்று நாளும், ஆளுக்கும் கூலிக்கும் எங்கே போவது, புது இடத்து அதிகாரி என்ன சொல்வார், மறுபடி புகார் வந்தால் வேலை என்னாகும் என்று யோசித்தபடி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மழை நாளில் போனை வைத்த தைரியம் வெயிலில் இல்லை. மாசி வந்தது. பிறகு போக வெட்கம். வெட்கம் வருடக்கணக்காக வளர்ந்தது. பின்னாளில் அந்த வழியாகக் காரில் போகும்போது உப்புக் குவியல்கள் தெரியும். நிறுத்தச் சொல்ல வாய் வரும். டிரைவரிடம் வேறு ஏதாவது பேசுவேன்.

உங்கள் வரைபடத்தில் 'வண்டல் குட்டை' என்று நீல நிறத்தில் ஒரு கட்டம் போடுகிறீர்கள். நல்ல விஷயம், போடுங்கள். ஓடையில் போகாத மண் வேறு யாரோ ஒருவர் இடத்தில்தான் தங்குகிறது. அதை எடுக்கும் நாளையும் ஆளையும் அதே தாளில் எழுதுங்கள், எழுதிவிட்டு அந்த நாளில் அங்கே போய் நில்லுங்கள். நெருக்கடியில் முடிவெடுப்பது பெரிய திறமை என்று வகுப்பில் நானே பேசினேன். மழை பெய்யும்போது யார் வேண்டுமானாலும் முடிவெடுப்பார்கள். மழை நின்று இரண்டு மாதம் கழித்து என்ன செய்தேன் என்பதைத்தான் நான் உங்களிடம் பேசியிருக்க வேண்டும்.

எட்டு ஒன்பது வருடம் கழித்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நான்தான் முதலில் பார்த்தேன். நகர்ந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குள் "சார்!" என்று பூங்காவனம் கூப்பிட்டுவிட்டாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. மரக்காணம் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

"ஏழுமலை எப்படி இருக்கான்?"

"இருக்குறாரு சார். பிரம்மதேசத்துல ஏரு ஓட்டப் போறாரு. உப்பளத்த விட்டு வருசமாச்சு."

அவளே சொன்னாள். குறை சொல்கிற குரல் இல்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"அந்த வருசம் ஓடையில அவ்ளோ எறா சார். ஊரே அதுலதான் சாப்பிட்டுச்சு. தை பொறந்ததும் நாங்க ரெண்டு பேரும் வரப்புல வந்து குந்திக்கினோம். பஸ்ஸு சத்தம் கேட்டா அவரு எழுந்து நின்னு பார்ப்பாரு. நாலு நாள் அப்படி. அப்புறம் நாங்களே வழிக்க ஆரம்பிச்சோம். ஊர்ல சில பேரு வந்து கை குடுத்தாங்க, அவங்கவங்களுக்கு அவங்கவங்க பாத்தி இருக்குதே. மூணு பாத்திதான் முடிஞ்சுது. மாசியில குத்தகைக்காரரு வந்து பார்த்துட்டு வேற ஆளுக்கு விட்டுட்டாரு."

"பூங்காவனம், நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த வுடுங்க சார். ஒன்னு மட்டும் கேக்கணும்னு இருந்துச்சு. நீங்க அன்னிக்கு வந்திருந்தா எத்தினி ஆளு கூட்டியாந்திருப்பீங்க?"

யோசிக்காமல் சொன்னேன். "இருபது பேர்."

அவள் விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டாள். மரக்காணம் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"இருபது பேருன்னா நாலு நாள் வேலதான் சார் அது" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.